மூலப்பொருளும் உழைப்பும்: மலிவுச் சினிமாக் கமராக்களின் ‘றோ’ பதிவு பற்றிய ஒரு நோக்கு

2012 ஆம் ஆண்டு சித்திரை மாதம் லாஸ் வேகாஸ் நகரில் நடைபெற்ற ஒலி, ஒளிபரப்புச் சாதனக் கண்காட்சியில், அவுஸ்திரேலிய நிறுவனமான பிளக்மாஜிக் டிசைன் 2,995 டொலர் விலையில் ஒரு சினிமாக் கமராவை அறிமுகஞ் செய்தது. பதின்மூன்று ஸ்டொப் ஒளிவீச்சும் ‘றோ’ எனப்படும் பதப்படுத்தப்படாத பதிவும் அதன் சிறப்புக்களாக விளம்பரப்படுத்தப்பட்டன. ஐந்தாண்டுகளுக்கு முன்னர், 2007 இல், றெட் நிறுவனம் தனது முதற் கமராவின் உடற்பகுதியை மட்டும் 17,500 டொலருக்கு விற்றபொழுதே அது மலிவின் புரட்சி எனப் போற்றப்பட்டது. எனவே 2012 இன் அறிவிப்பைச் சினிமாவின் சனநாயகமயமாக்கல் என்று பலர் வரவேற்றதில் வியப்பில்லை. உற்பத்திச் சாதனம் உழைப்பவனின் கைக்கு வந்துவிட்டது என்ற தொனியில் முற்போக்கு வட்டாரங்களிலும் அக்குரல் எதிரொலித்தது. அவ்வரவேற்பின் நியாயத்தையும் அதன் மயக்கத்தையும் பிரித்தறிய முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இக்கட்டுரையாளன் தொழில்நுட்பவியலாளன் அல்லன், இலக்கிய மாணவன். எனினும் கருவியின் இயக்கத்தை அறியாது கருவியின் சமூகப் பொருளைப் பேசுதல் நமது விமரிசனத்தில் நெடுங்காலமாக உள்ள ஒரு குறைபாடு. ஆதலின் முதலிற் சில அடிப்படைகளை நோக்குவோம்.

டைனமிக் றேஞ்ச் எனத் துறையினர் வழங்குவதை இங்கு ஒளிவீச்சு என்று குறிப்போம். ஒரே சட்டகத்தினுள் மிக இருண்ட பகுதிக்கும் மிக ஒளிர்ந்த பகுதிக்கும் இடையே ஒரு கமரா வேறுபடுத்திக் காணக்கூடிய எல்லையே அது. ஸ்டொப் என்பது ஒளியின் அளவு இரட்டிக்கும் ஒரு படி. பதின்மூன்று ஸ்டொப் என்றால் இரண்டைப் பதின்மூன்று தடவை பெருக்கிப் பெறும் 8,192 மடங்கு வேறுபாடு. இந்த எண்ணும் முழுமையாக நம்பத்தக்கதன்று. நிழலின் அடியில் இரைச்சற் புள்ளிகள் மொய்க்கும் பகுதியை எதுவரை உருவம் என்று ஒத்துக்கொள்வது என்பதில் நிறுவனத்துக்கு நிறுவனம் அளவுகோல் மாறும். விற்பவன் தனக்குச் சாதகமான அளவுகோலைக் கையாள்வான். ஆகவே விளம்பரத்தில் வரும் ஸ்டொப் எண்ணிக்கையைக் கடைக்காரன் தராசைப் பார்ப்பதுபோலப் பார்த்தல் வேண்டும்.

‘றோ’ என்பது இன்னும் சுவையான சொல். சமைக்கப்படாதது, பச்சையானது என்பது அதன் நேர்ப்பொருள். உணரியின் மீது விழுந்த ஒளி எவ்வாறு விழுந்ததோ அவ்வாறே பதியப்படுகிறது. நிறம், மாறுபாடு, கூர்மை முதலியன பின்னரே தீர்மானிக்கப்படுகின்றன என்று விளக்குவர். சாதாரணக் கமராவோ இத்தீர்மானங்கள் அனைத்தையும் தன்னுள்ளேயே செய்து, எஞ்சியதை எறிந்துவிட்டு, முடிந்த பண்டமாகவே உருவத்தைத் தருகிறது. 2008 இல் வெளிவந்து இளம் படைப்பாளிகள் பலரை ஈர்த்த கனன் 5டி மார்க் 2 அவ்வாறான ஒன்றே. எட்டுப் பிட் ஆழத்தில் இறுக்கிச் சுருக்கப்பட்ட அதன் பதிவில், வெளுத்துப்போன வானத்தையோ கறுத்துப்போன முகத்தையோ பின்னர் மீட்டெடுப்பது பெரும்பாலும் இயலாது.

இவ்வேறுபாடு உண்மையானது, மறுப்பதற்கில்லை. ஆயினும் பச்சை என்ற சொல்லினுள் ஒரு கருத்துநிலை ஒளிந்திருக்கின்றது. இயற்கை தன்னைத்தானே எழுதிக்கொண்டது, இடையில் மனிதனோ நிறுவனமோ இல்லை என்ற பழைய கனவே அது. ஒளிப்படக்கலை தோன்றிய காலந்தொட்டு முதலாளித்துவ அழகியல் இக்கனவைப் பல பெயர்களிற் கண்டுவந்துள்ளது. 1970 களின் தொடக்கத்திற் பிரான்சில் ஜோன் லூயி போத்ரியும் ஜோன் லூயி கொமொல்லியும் கமராவைக் கருத்துநிலை படிந்த கருவி என வாதித்தபோது அவர்கள் உடைக்க முயன்றதும் இதனையே. அவர்களது வாதம் சில இடங்களில் மிகையானது என்பது எனது எண்ணம். வில்லைக்குள் வர்க்கத்தைக் கண்டவர்கள், வில்லையைச் செய்யும் தொழிற்சாலையை அவ்வளவாகக் காணவில்லை. இருப்பினும் அவர்கள் எழுப்பிய வினா ‘றோ’ பதிவுக்கும் பொருந்துகின்றது.

இவ்விடத்தில் ‘மூலதனம்’ முதற் பாகத்தில் உழைப்புப் பொருளுக்கும் மூலப்பொருளுக்கும் மார்க்ஸ் காட்டும் வேறுபாடு மிகவும் பயன்படும். ஆற்றிலிருக்கும் மீனும் காட்டிலிருக்கும் மரமும் உழைப்புக்கு இலக்காகும் பொருள்கள். ஆயின் அவை மூலப்பொருள்கள் அல்ல. ஏற்கெனவே ஓரளவு உழைப்பு ஏறிய பின்னரே ஒன்று மூலப்பொருளாகின்றது. தாதுச் சுரங்கத்திலிருந்து தோண்டி எடுக்கப்பட்ட தாதுவைப் போல. இந்தக் கண்டிப்பான பொருளில் ‘றோ’ பதிவு மூலப்பொருளேயன்றி இயற்கையன்று. உணரியின் ஒவ்வொரு புள்ளியின் மேலும் ஒரு நிறவடிகட்டி உண்டு; கோடாக் நிறுவனத்தின் பிறைஸ் பேயர் 1976 இல் உரிமம் பெற்ற அவ்வமைப்பில் பாதிப் புள்ளிகள் பச்சைக்கும், கால்வாசி சிவப்புக்கும், கால்வாசி நீலத்துக்கும் ஒதுக்கப்பட்டுள்ளன. மனிதக் கண்ணின் கூருணர்வு பச்சையை அண்டியே மிகுதி என்ற கணிப்பு அதனுள் உறைந்துள்ளது. அதன்மேல் மின்னழுத்தப் பெருக்கம், எண்ணாக மாற்றல், எண்களைப் பங்கிடல் என உழைப்புப் படிவுகள் பல.

எண்களைப் பங்கிடும் முறை தனியே கவனிக்கற்பாலது. ஒளியை உள்ளவாறே நேர்விகிதத்தில் அளக்கும் பன்னிரண்டு பிட் பதிவொன்றில் மொத்தம் 4,096 படிநிலைகள் உள. அவற்றுள் பாதி, அதாவது 2,048, மிகவொளிர்ந்த ஒரேயொரு ஸ்டொப்புக்கே போய்விடும். அடுத்ததற்கு 1,024, அதற்கடுத்ததற்கு 512. பத்தாவது ஸ்டொப் ஆகிய ஆழ்நிழலுக்குக் கிடைப்பவை நான்கே நான்கு படிநிலைகள். ஒளியுள்ளவனுக்கே எல்லாம் என்று இதனை ஓர் உவமையாக்கிவிட என் கை துறுதுறுக்கின்றது. ஆனால் எண்கணிதத்தை வர்க்கப்போராட்டமாக்கும் மலினமான மார்க்சியம் நமக்கு வேண்டியதில்லை. முக்கியமானது வேறு. இச்சிக்கலைத் தீர்ப்பதற்காகவே மடக்கை முறையில் நிழல்களுக்கும் நியாயமான பங்கு கிடைக்குமாறு எண்களை மறுபங்கீடு செய்கின்றனர். மேற்குறித்த 2012 ஆம் ஆண்டுக் கமராவின் ‘றோ’ கோப்பும் அவ்வாறு மறுபங்கீடு செய்யப்பட்டதே. பச்சை என விற்கப்பட்டது ஏற்கெனவே அரைவேக்காடு.

ஒளிவீச்சின் பொருளியலை விளங்கிக்கொள்ள ஸ்ரூடியோவை நினைத்துப் பார்த்தல் வேண்டும். ஸ்ரூடியோவில் ஒளிக்கும் இருளுக்குமுள்ள வேறுபாட்டைக் கட்டுப்படுத்துவது உணரியன்று. விளக்குகளும் மின்பிறப்பாக்கியும் அவற்றைச் சுமந்து, நிறுத்தி, மறைத்து இயக்கும் தொழிலாளருமே. நிழலிலுள்ள முகத்துக்கு ஒளியேற்றுவர். யன்னலுக்கு வெளியேயுள்ள வெயிலை வடிதாள் ஒட்டித் தணிப்பர். ஐந்து ஸ்டொப்பே தாங்கும் சுருளானாலும் உலகத்தை அந்த ஐந்துக்குள் அடக்கிக் கொடுப்பதே அவர்கள் தொழில். ஆகவே பரந்த ஒளிவீச்சு என்பது, பொருளியல் மொழியிற் கூறின், உழைப்பைச் சேமிக்கும் இயந்திரமாகும். விளக்குத் தொழிலாளரின் வேலையில் ஒரு பகுதியைச் சிலிக்கன் தகடு ஏற்றுக்கொள்கின்றது. நெசவாலையின் வரலாற்றை அறிந்த எவரும் அடுத்த வினாவைக் கேட்பர்: மிச்சமான உழைப்பு எங்கே போயிற்று? அதனால் யார் பயனடைந்தனர்?

2023 இல் வெளிவந்த ‘த கிறியேட்டர்’ இவ்வினாவுக்குத் தக்க சான்று. கரெத் எட்வேட்ஸ் இயக்கிய இப்படத்தின் பெரும்பகுதி ஏறத்தாழ 3,900 டொலர் விலையுள்ள சொனி எஃப்எக்ஸ்3 கமராவில், புறப்பதிவுக் கருவியொன்றில் ‘றோ’ பதிவாக எடுக்கப்பட்டது. சிறு குழுவொன்று தாய்லாந்து முதலிய ஆசிய நாடுகளிலே குறைந்த விளக்குகளுடன் படம்பிடித்தது. படத்தின் செலவோ ஏறக்குறைய 8 கோடி டொலர் எனக் கூறப்பட்டது. நமது இளைஞர் வாங்கக் கனவு காணும் அதே கமரா! செலவின் பெருக்கம் கமராவில் இல்லை; பின்னர் கணினித் திரைகளின் முன்னே ஒவ்வொரு சட்டகமாக உருவங்களைக் கட்டியெழுப்பிய எண்ணற்றோரின் உழைப்பிலும், படத்தை உலகச் சந்தையிற் கொண்டுசெல்லும் ஏற்பாடுகளிலுமே அது உள்ளது. படப்பிடிப்புத் தளத்திற் சேமிக்கப்பட்ட உழைப்பு படப்பிடிப்புக்குப் பிந்திய அறைகளுக்கு இடம்பெயர்ந்துள்ளது. அவ்வறைகளின் நிலை எத்தகையது? 2013 மாசியில் ‘லைஃப் ஒஃப் பை’ காட்சிவிளைவுக்கான ஒஸ்கார் விருதைப் பெற்றது. அவ்வேலையிற் பெரும்பங்கு வகித்த றிதம் அன்ட் ஹியூஸ் நிறுவனம் அதே மாதத்தில் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியிருந்தது.

மேலே சொன்ன 2,995 டொலருக்கும் இவ்விடப்பெயர்ச்சிக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. அவ்விலையினுள் டாவின்சி றிசொல்வ் என்ற நிறச்சீர்மை மென்பொருளும் அடங்கியிருந்தது. ஒருகாலத்தில் இலட்சக்கணக்கான டொலர் பெறுமதியான சாதனத் தொகுதியாக இருந்த அதனை, 2009 இல் மூல நிறுவனத்தை வாங்கிய பிளக்மாஜிக், 2010 இல் 995 டொலர் மென்பொருளாக்கி, 2011 இல் ஒரு பதிப்பை இலவசமாகவும் வழங்கியது. இதைத் தருமமென்று கொள்வது பேதைமை. சூழ்ச்சியென்று மட்டுங் கூறுவதும் வரட்டுத்தனம். மென்பொருள் இலவசமானால் அதனைச் சூழ்ந்த வன்பொருள் விற்பனையாகும் என்பது கணக்கு. அதே வேளை, பெருநகர்களின் சில கூடங்களுள் அடைபட்டிருந்த ஒரு கைத்திறன் வறிய நாடுகளின் வீட்டறைகளுக்கும் வந்து சேர்ந்தது என்பதும் உண்மை. முதலாளித்துவம் தன் நலங்கருதிச் செய்வதெல்லாம் பிற்போக்கானது என்று ‘கம்யூனிஸ்ட் அறிக்கை’யை வாசித்தவர் எவரும் கூறமாட்டார்.

உற்பத்திச் சக்திகளின் வளர்ச்சியை உற்பத்தி உறவுகள் விலங்கிட்டுத் தடுக்கும் என்ற கருதுகோளுக்கு இத்துறையைப்போலத் தெளிவான எடுத்துக்காட்டு அரிதாகவே கிடைக்கும். 2009 இல் ட்றமல் ஹட்சன் தொடக்கிய ‘மஜிக் லன்ரேன்’ என்னும் கட்டற்ற மென்பொருள் முயற்சியினர், 2013 இல் கனன் 5டி மார்க் 3 கமராவிலே பதினான்கு பிட் ‘றோ’ நிகழ்படத்தைப் பதிந்து காட்டினர். கமராவிற் புதிய உறுப்பெதுவும் சேர்க்கப்படவில்லை. அத்திறன் பெட்டிக்குள்ளேயே இருந்தது. வாங்கியவர் அதற்கு விலையுங் கொடுத்திருந்தார். ஆயின் அது அவருக்குத் திறந்துவிடப்படவில்லை. அதே நிறுவனம் உயர்விலைச் சினிமாக் கமராக்களைத் தனியே விற்றுவந்தது என்பதையும் இங்கு நினைவுகூரலாம். அவ்வாண்டிலேயே இம்முயற்சியினர், உணரியின் வரிகளை மாறிமாறி இருவேறு உணர்திறனில் வாசிப்பித்து ஒளிவீச்சையும் விரித்தனர். ஊதியமின்றி இரவு விழித்தவர்களின் கூட்டுழைப்பு அது.

மறுபுறம் வேலியடைப்பு நடந்தது. நிகழ்படத்தின் ‘றோ’ பதிவைக் கமராவினுள்ளேயே சுருக்கிச் சேமிக்கும் முறைக்கு றெட் நிறுவனம் ஐக்கிய அமெரிக்காவில் உரிமம் பெற்றது. சுருக்காது பதிவதனால் நேர்வது யாது? 2012 ஆம் ஆண்டுக் கமராவின் ஒரு சட்டகம் ஏறத்தாழ 5 மெகாபைட்; செக்கனுக்கு 24 சட்டகம்; ஒரு மணித்தியாலத்துக்கு 430 கிகாபைட் அளவில் வரும். எனவே சுருக்கும் உரிமை யாரிடமுள்ளது என்பது, வறியவன் ‘றோ’வைப் பயன்படுத்த முடியுமா என்ற வினாவே. சொனி நிறுவனத்துடனான வழக்கு 2013 இல் இணக்கத்தில் முடிந்தது. உரிமம் செல்லாதென்று 2019 இல் அப்பிள் நிறுவனம் தொடுத்த முறையீடு அவ்வாண்டே நிராகரிக்கப்பட்டது. நிக்கொன் மீது 2022 இல் தொடுக்கப்பட்ட வழக்கு அடுத்த ஆண்டு கைவிடப்பட, 2024 இல் நிக்கொன் றெட் நிறுவனத்தையே விலைக்கு வாங்கிற்று! பிளக்மாஜிக்கோ 2018 இல் தனக்கென ஒரு ‘றோ’ வடிவத்தை அறிமுகஞ் செய்து, நிறங்களைப் பிரித்துக் கட்டும் வேலையின் ஒரு பகுதியைக் கமராவுக்குள் நகர்த்தியது. 2019 இல் தனது சிறிய 4கே கமராவிலிருந்து பழைய திறந்த வடிவத்தை நீக்கியது. உரிமச் சிக்கலைத் தவிர்க்கவே இவ்வாறு செய்தது எனத் துறையினர் பலர் கருதுவர். காரணம் எதுவாயினும், எது பச்சை எது சமைத்தது என்ற எல்லைக்கோட்டை இயற்பியல் மாத்திரம் வகுக்கவில்லை, சட்டத்தரணிகளும் வகுத்துள்ளனர்.

இனி அழகியலுக்கு வருவோம். முற்போக்காளரிடையே இதுபற்றி நேரெதிரான இரு நிலைப்பாடுகள் உள. ஒளிவீச்சு கூடக்கூட யதார்த்தம் கூடும் என்பது ஒன்று. வறிய மக்களின் கலைக்கு வறிய உருவமே பொருத்தம். ஸ்டொப் கணக்குப் பார்ப்பது குட்டிபூர்சுவா ஆடம்பரம் என்பது மற்றொன்று. இரண்டையும் ஏற்பதற்கில்லை.

முதலாவது நிலைப்பாடு நமது இலக்கிய விமரிசனம் நன்கு அறிந்த பழைய தவறொன்றின் புதுவடிவம். ‘எடுத்துரைப்பதா, விவரிப்பதா’ என்று 1936 இல் ஜோர்ஜ் லூக்காக்ஸ் எழுப்பிய வினாவும், அதனை அடியொற்றி யதார்த்தவாதம், இயற்பண்புவாதம் பற்றி இங்கு நடந்த விவாதங்களும் இச்சஞ்சிகையின் வாசகர்க்குப் புதியனவல்ல. விவரங்களின் பெருக்கம் யதார்த்தமாகிவிடாது. சுவரின் காரையும் மேகத்தின் மடிப்பும் ஒரே சட்டகத்தில் ஒருங்கே தெரிவதனால் அச்சுவருக்குள் வாழ்பவரின் சமூக உறவுகள் தெரிந்துவிடுவதில்லை. எல்லாம் சமமாகத் தெரியும் உருவத்தில் எதுவும் முதன்மை பெறாது போவதையும் இன்றைய தொலைக்காட்சித் தொடர்கள் பலவற்றில் காண்கிறோம். நிழலெல்லாம் சாம்பல், வெளிச்சமெல்லாம் பால்.

இரண்டாவது நிலைப்பாட்டினர் கியூப இயக்குநர் ஹூலியோ கார்சியா எஸ்பினோசாவின் 1969 ஆம் ஆண்டுக் கட்டுரையான ‘முழுமைபெறாச் சினிமாவுக்காக’ என்பதை அடிக்கடி துணைக்கழைப்பர். தலைப்பை மட்டும் வாசித்தவர்களின் வாதம் இது. எஸ்பினோசா மங்கலான படத்தைப் போற்றவில்லை. தொழில்நுட்ப நேர்த்தியைத் தன்னளவில் ஒரு விழுமியமாகக் கொள்வதையே மறுத்தார். நிகழ்பட நாடாவும் தொலைக்காட்சியும் வளர்ந்து, படமெடுக்கும் வாய்ப்பு எல்லோர்க்கும் கிட்டினால் கலைஞன் என்ற தனிச் சாதி என்னாகும் என்று அக்கட்டுரையிலேயே அவர் வினவியுள்ளார். பற்றாக்குறையைப் பண்பாடாக்கியவர் அல்லர் அவர். வறியவர் வீட்டு மேசையில் நல்ல பாத்திரம் இருத்தலாகாது என்பது வறியவரின் கோட்பாடாக இருக்க முடியுமா?

போர்த்துக்கேயரான பெத்ரோ கொஸ்தாவின் அனுபவம் இவ்விரு நிலைப்பாடுகளையும் கடக்க உதவுகின்றது. லிஸ்பன் நகரின் ஃபொன்தைன்யாஸ் சேரியில், கேப் வேர்டே தீவுகளிலிருந்து குடிபெயர்ந்தோரும் பிற வறியோரும் வாழ்ந்த சந்துகளில், 1997 இல் ‘ஒஸ்ஸோஸ்’ என்ற படத்தை அவர் 35 மி.மீ. சுருளில் முழுக்குழுவுடனும் விளக்குகளுடனும் எடுத்தார். விடியுமுன் வேலைக்கெழ வேண்டிய மக்களின் குடிசைகளுக்குள் அவ்விளக்குகளின் ஒளி இரவெல்லாம் புகுந்தது. சினிமாவின் ஒளி தொழிலாளியின் தூக்கத்தைத் திருடியது எனலாம். அடுத்து அவர் சிறிய டிஜிட்டல் வீடியோக் கமரா ஒன்றுடன் அங்கு திரும்பிச்சென்று, நெடுநாள் தங்கி, ‘வந்தாவின் அறையில்’ என்ற படத்தை 2000 இல் வெளியிட்டார். இன்றைய கமராக்களின் ஒளிவீச்சில் ஏறத்தாழப் பாதியே அதற்கிருந்தது. எட்டுப் பிட் பதிவு. ‘றோ’ என்ற பேச்சே இல்லை. ஒரு கதவு, ஒரு யன்னல், அவற்றால் வரும் ஒளியை மட்டும் நம்பினார். கருவியின் குறுகிய எல்லையை அறிந்து, முகம் எந்த மூலையில் இருந்தால் உருவம் நிற்கும் என்பதை அங்கு வாழ்ந்தவர்களோடு சேர்ந்தே கண்டறிந்தார். இருள் அப்படத்தில் அலங்காரமன்று. புல்டோசர்கள் இடித்துக்கொண்டிருந்த ஒரு குடியிருப்பின் கட்டடவியல் உண்மை.

இதிலிருந்து, கொஸ்தாவுக்குப் பதின்மூன்று ஸ்டொப் தேவைப்பட்டிராது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. மாறாக, ஒரே கதவுள்ள வீடுகளில் வாழ்பவர்களைப் படமெடுக்க விரும்புபவருக்கே ஒளிவீச்சு மிகவும் தேவை. கதவுக்கு வெளியே நண்பகல், உள்ளே அடுப்படி. பெரிய யன்னல்களும் வெள்ளைச் சுவர்களும் கொண்ட மாளிகையில் ஒளியின் வேறுபாடு இயல்பாகவே குறைவு. ஆக, ஒளி-இருள் வேறுபாடு என்பது வீட்டின் வர்க்கத்தோடும் தொடர்புடையதே.

தோலின் நிறம் பற்றியும் ஒரு வார்த்தை. கோடாக் அச்சுக்கூடங்களில் நிறத்தைச் சரிபார்ப்பதற்கு வெள்ளைப் பெண்ணின் உருவம் பொறித்த ‘ஷேர்லி’ அட்டைகள் நெடுங்காலம் அளவுகோலாயிருந்தன. கனடிய ஆய்வாளர் லோர்னா றொத் 2009 இல் வெளியிட்ட ஆய்வில், சுருளின் கருநிற உணர்வைத் திருத்தத் தூண்டியவற்றுள் சொக்கலேட், மரத்தளபாட விளம்பரதாரரின் முறைப்பாடுகளும் அடங்கும் எனக் காட்டியுள்ளார். கறுத்த மனிதர் பெறாத நீதியைக் கறுத்த பண்டங்கள் பெற்றன! டிஜிட்டல் உணரிக்கு இவ்வகை அட்டை இல்லை என்பது உண்மை. எனினும் ஒளியளவு எதற்கு, எந்த முகத்துக்கு வைப்பது என்ற வழக்கம் உணரியில் இல்லை, பயிற்சியில் உள்ளது. 2016 இல் வெளிவந்த ‘மூன்லைட்’ படத்தினர் மூன்று பகுதிகளுக்கும் மூவகைச் சுருள்களின் தன்மையைத் தழுவி நிறம் அமைத்து, கருந்தோலின் ஒளிர்வையே படத்தின் மையமாக்கினர். அங்கு ‘றோ’ பதிவு செய்ததெல்லாம் அத்தீர்மானத்துக்கு இடம்விட்டதே.

அண்மையில் வடபகுதிக் கிராமமொன்றில் இளைஞர் சிலர் எடுத்த குறும்படத்தின் நிறச்சீர்மைக்கு உடனிருக்கும் வாய்ப்புக் கிடைத்தது. இரவல் கமரா, ‘றோ’ பதிவு. அடுப்படியில் ஒரு தாய் குனிந்திருக்கிறாள். அவள் பின்னே திறந்த கதவு, வெளியே வேலி, வெயில். நிழலைச் சற்று உயர்த்தியதும் கரிபடிந்த சுவரில் யாரோ சிறுபிள்ளை கரித்துண்டால் எழுதிய கணக்கு தெரியவந்தது. எடுத்தபோது எவரும் அதைக் கண்டிருக்கவில்லை. அதைத் தெரியவிடுவதா, தாயின் முகத்தோடு நிறுத்துவதா என்று நெடுநேரம் வாதித்தனர். இயக்குநர் தெரியவேண்டும் என்றார். ஒளிப்பதிவு செய்தவரோ, ‘அந்த அம்மா அன்றைக்கு எங்களுக்குக் காட்டாததை நாங்கள் எப்படிக் காட்டுறது?’ என்று கேட்டார். நான் அறிந்தவரையில் ‘றோ’ பதிவு பற்றி எழுப்பப்பட்ட மிகச் சரியான விமரிசன வினா அதுதான். ஈற்றில், கணக்கு இருக்கிறதென்பது புலப்படவும் என்னவென்று வாசிக்க முடியாமலும் ஓர் அளவில் நிறுத்தினர்.

மூன்று மாதங்களின் பின் அப்படத்தைப் பல்கலைக்கழகக் கூடமொன்றிற் காட்டுவதற்காக மூலப்பதிவுகளைக் கேட்டபொழுது, அவை இல்லை என்றனர். அவர்களிடமிருந்தது இரண்டு வன்தட்டுக்கள் மாத்திரமே. அடுத்த படத்துக்கு இடம் வேண்டியிருந்ததால் அழித்துவிட்டார்களாம். எஞ்சியிருப்பது சுருக்கப்பட்ட எட்டுப் பிட் பிரதி ஒன்று.